பத்தாம் ஆண்டில் பிறந்த நாற்பது பிள்ளைகள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. எந்த வருஷம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மறைக்கவேண்டும் என்று நான் மறைக்கவில்லை, அந்த ராஜ்யத்திலேயே அது யாருக்கும் தெரியாது. வருஷம் தெரியாமல் ஒரு ராஜ்யம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது, ஐயா. நம் ஊரில் நடக்காததா?

அந்த நாட்டை ஆண்டவர் மகரகேது மன்னர். நல்ல மனிதர். கோபம் வந்தால் அரை நாழிகைக்கு மேல் நிற்காது. கொடுப்பது என்று வந்துவிட்டால் கை தாராளமாக நீளும். ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு ஆகாது. வயதாவது பிடிக்காது. பட்டத்துக்கு வந்த பத்தாம் ஆண்டில், நாற்பதாவது பிறந்தநாளன்று, காலையில் கண்ணாடி பார்த்தவர் மீசையில் ஒரு நரைமுடியைக் கண்டார். அவ்வளவுதான், மூன்று நாள் சபைப் பக்கமே வரவில்லை. பாயசம்கூட உள்ளே இறங்கவில்லை என்றார்கள்.

நான்காம் நாள் தலைமை அமைச்சர் வல்லபராயர் அந்தப்புரத்து வாசலில் போய் நின்றார். பணிவு என்றால் வல்லபராயரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். குனிந்து குனிந்தே இவ்வளவு உயரத்துக்கு வந்தவர் அவர்.

"பிரபு, ஆண்டு ஏறுவதால்தானே வயது ஏறுகிறது? ஆண்டை நிறுத்திவிட்டால் தீர்ந்தது" என்றார்.

அந்த நாட்டில் எதை எழுதினாலும் மன்னரின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் எழுதுவார்கள். நிலம் விற்றாலும், கல்யாணம் நடந்தாலும், பிள்ளை பிறந்தாலும் 'மகரகேது மன்னரின் இத்தனையாவது ஆட்சியாண்டு' என்று ஓலையில் ஏறும். அன்றைக்கே ஓர் ஆணை போனது: ஆட்சியாண்டு பத்து, இனி என்றைக்கும் பத்து, மன்னருக்கு வயது நாற்பது, இனி என்றைக்கும் நாற்பது, மாற்றிச் சொல்பவன் ராஜத் துரோகி. மன்னர் மீசைக்கு அவுரிச் சாயம் பூசிக்கொண்டு சபைக்கு வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஓராண்டுத் தவணையில் கடன் வாங்கியிருந்தவர்கள் வாயார வாழ்த்தினார்கள். ஆண்டு முடிந்தால்தானே கடன் திரும்பும்?

அதற்குப் பிறகு பதினெட்டு மழைக்காலம் வந்து போயிற்று. ஓலைகளில் மட்டும் பத்தாம் ஆண்டே உட்கார்ந்திருந்தது. மன்னருக்கு முழங்கால் வலித்தது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாற்பது வயதில் இதெல்லாம் சகஜம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

இந்த மன்னரின் சபையில் விகடம் சொல்பவராக இருந்தவர் மாசிலாமணி. ஒல்லியான ஆள். பேசும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது, கேட்கிறவர்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். மன்னருக்கு அவர்மேல் உயிர். அந்த ஒரு காரணத்துக்காகவே வல்லபராயருக்கும் அவரைச் சேர்ந்த பத்துச் சபையோருக்கும் மாசிலாமணியைக் கண்டால் எரியும். எங்கேயாவது ஒரு பள்ளம் வெட்டி ஆளைத் தள்ளிவிட மாட்டோமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மன்னர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று பாடசாலை. பட்டணத்தில் பெரிய கட்டிடம், கணக்கும் இலக்கணமும் வைத்தியமும் சொல்லிக்கொடுக்க நல்ல ஆசிரியர்கள். ஆற்றுக்கு அப்பால் வானம் பார்த்த பூமியில் பன்னிரண்டு ஊர்கள் இருந்தன. ஒரு காத தூரம், பிள்ளைகள் நடந்து வரமுடியாது. அவர்களை ஏற்றி வர அரண்மனைச் செலவில் கூண்டு வண்டிகள் போயின. விடிந்ததும் புறப்படும் வண்டி, பள்ளி விட்டதும் திரும்பக் கொண்டுபோய் விடும்.

மன்னருக்குப் பாடசாலைமேல் ஆசை அதிகமாகி, வெள்ளிக்கிழமைதோறும் தானே ஒரு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். தான் எழுதிய வெண்பாக்களைத் தானே விளக்கும் வகுப்பு. பிள்ளைகள் பாவம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வல்லபராயர் சும்மா இருப்பாரா? "நாங்களும் தங்கள் மாணவர்களே" என்று பத்துப் பேரோடு போய்ப் பாடசாலை ஓலையில் பெயர் எழுதிக்கொண்டார். மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தப் பதினொரு பேரும் பட்டணத்தில் குடியிருக்கவில்லை. பட்டணத்துக் காற்று அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஆற்றுக்கு அப்பால் தோப்பு மாளிகைகளில் இருந்தார்கள். மாணவர்கள் ஆகிவிட்டபடியால், வெள்ளிக்கிழமைதோறும் பாடசாலை வண்டிச் செலவிலேயே அவர்களுக்குப் பல்லக்கு போயிற்று. ஆளுக்கு ஒரு பல்லக்கு, பல்லக்குக்கு எட்டுப் பேர்.

ஒருநாள் சபையில் மன்னர் கேட்டார், "பாடசாலை வண்டிக்கு இவ்வளவு செலவாகிறதே, ஏன்?"

வல்லபராயர் எழுந்தார். "பிரபு, சிறு பிள்ளைகளால் செலவில்லை. வளர்ந்த பிள்ளைகளால்தான் செலவு. அவர்கள் கனம் அதிகம், மாடு இளைக்கிறது, அச்சு தேய்கிறது. பதினாறு வயது நிரம்பியவர்கள் மாதம் ஐந்து பணம் கொடுக்கட்டும். இது வரி அன்று, கட்டணமும் அன்று. பங்களிப்பு. கல்வியின்பால் அவர்களுக்குள்ள பற்றை அவர்களே காட்டிக்கொள்ள நாம் அளிக்கும் வாய்ப்பு."

வாய்ப்பு என்று சொல்லிவிட்டால் பிடுங்குவதுகூட எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள். சபை முழுக்கத் தலையாட்டியது. மாசிலாமணி மட்டும் சிரித்துவிட்டார்.

"சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது, மாசிலாமணி?" என்றார் மன்னர்.

"ஒன்றுமில்லை, பிரபு. பிள்ளைகள் வளர்வது அரசாங்கத்துக்கு நஷ்டம் என்பது இன்றுதான் அடியேனுக்குத் தெரிந்தது."

வல்லபராயர் இதற்காகத்தான் காத்திருந்தார். "பிரபு, விகடருக்கு இவ்வாணையில் குறை தெரிகிறது போலும். அவரே இதை நிறைவேற்றட்டும். ஆணையில் அடங்கும் ஒவ்வொருவரிடமும் பங்களிப்பைப் பெற்று, அமாவாசையன்று சபையில் வைக்கட்டும். கொடுக்கவேண்டியவர்களில் ஒருவரை விட்டாலும், கொடுக்கவேண்டாதவரில் ஒருவரிடம் வாங்கினாலும், அவர் சபையை விட்டு வெளியேறட்டும்."

மன்னருக்கும் அது வேடிக்கையாகப் பட்டது. ஆணையை ஓலையில் எழுதி முத்திரை வைத்தார்கள். 'பாடசாலையில் பெயர் எழுதியிருப்போரில், ஆற்றுக்கு அப்பாலிருந்து அரசாங்கச் செலவில் வருவோர், பதினாறு வயது நிரம்பியோர் அனைவரும்' என்று வல்லபராயரே வாசகம் சொல்லி எழுதவைத்தார். வயதுக்கு ஆதாரம் பிறப்போலை, வேறெதுவும் செல்லாது என்றும் அவரே சேர்த்தார். மாசிலாமணி வேண்டியவர்களை நைசாக விட்டுவிடக் கூடாது அல்லவா?

ஆணையை ஊர் ஊராகப் பறையறைந்தார்கள். மூன்றாம் நாள் காலை மாசிலாமணி ஆற்றைக் கடந்துபோய், பள்ளிக்கு வரும் வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டார். மனசு சரியில்லை. வேலை போனால் போகிறது, வேறு ஊரில் வேறு ராஜா இருக்கமாட்டாரா என்று தேற்றிக்கொண்டார். அந்தத் தேறுதல் எதிரே உட்கார்ந்திருந்த பெண் வாயைத் திறக்கும்வரைதான் நின்றது. பதினேழு வயசு இருக்கும். மடியில் மூலிகைச் சுவடி. பெயர் முத்துப்பேச்சி.

"அண்ணாச்சி, நீங்கதான் பணம் வாங்க வந்திருக்கிய அரமனை ஆளா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எங்க அப்பா பனை ஏறுதாவ. பதனி காலம் நாலு மாசந்தான். அஞ்சு பணம்னா எங்க வீட்டுக்கு ஒரு மாசத்து அரிசி. இந்த மாசத்தோட நின்னுக்க தாயின்னு சொல்லிட்டாவ. சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாவ, என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னுட்டாவ."

"நடந்து வரக் கூடாதா?"

"வரலாம். வந்து சேந்தா பள்ளிக்கூடம் விட்டிருக்கும்."

 அவள் சுவடியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "தம்பி பொறந்தப்போ எங்கம்மாவுக்கு உதிரம் நிக்கல. பட்டணத்துல இருந்து வைத்தியர் வாரதுக்குள்ள ஒரு பகல் ஆயிட்டு. ரெண்டு பேருமே போயிட்டாவ. எங்க பக்கம் பன்னெண்டு ஊருக்கும் வைத்தியரே கிடையாது, அண்ணாச்சி. எனக்கு இன்னும் ஒரு வருசப் படிப்புதான் பாக்கி. முடிச்சுட்டா நான் ஊரிலேயே இருந்து பாத்துக்கிடுவேன். அதுக்குத்தான் படிக்கேன்."

 மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வேலை போகிற கவலை எங்கே போயிற்றோ தெரியவில்லை. இந்தப் பெண் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, அது ஒன்றுதான் மனசில் இருந்தது. வந்த வேலையைச் செய்யவேண்டுமே என்று, "உன் பிறப்போலையைக் காட்டு, தாயி" என்றார்.

ஆணை வந்த அன்றே எல்லோரையும் பிறப்போலையைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். மாசிலாமணி படித்தார். திரும்பவும் படித்தார். பக்கத்தில் இருந்த பையனின் ஓலையை வாங்கிப் படித்தார், அதற்குப் பக்கத்தில் இருந்தவனுடையதையும் படித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு வண்டி பாதையை விட்டு இறங்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் முத்துப்பேச்சி, பயந்துபோய்.

"ஒண்ணுமில்ல தாயி. அமாவாசை வரைக்கும் உங்கப்பாவைப் பொறுத்துக்கச் சொல்லு. அன்னைக்கு உன்ன மாதிரி வளர்ந்த பிள்ளைங்க நாற்பது பேரையும் நான் சபைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அமாவாசைக்கு முதல்நாள் மாசிலாமணி அரண்மனைக் களஞ்சியத்துக்குப் போய் நாற்பது தொட்டில் கேட்டார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை நாற்பதும் கேட்டார். களஞ்சியக்காரர் வல்லபராயரிடம் ஓடினார். "கொடுத்துத் தொலையும். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நாளையோடு போய்விடுவான்" என்றார் வல்லபராயர். அன்றைக்கு அவர் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு.

அமாவாசையன்று சபை கூடியது. மண்டபம் முழுக்கத் தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொட்டில் தொங்கியது. ஒவ்வொரு தொட்டில் பக்கத்திலும் ஒரு வளர்ந்த பிள்ளை. சிலருக்கு மீசை அரும்பியிருந்தது. ஒருவன் தூண் உயரம் இருந்தான், அவன் முட்டிவரைகூட அந்தத் தொட்டில் வரவில்லை. மன்னர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்து வாய் பிளந்தார்.

"மாசிலாமணி, பங்களிப்பு எங்கே? இவையெல்லாம் என்ன?"

"பிரபு, ஆணைப்படி ஒவ்வொருவர் பிறப்போலையையும் பார்த்துவிட்டேன். இந்தப் பெண் முத்துப்பேச்சி. மகரகேது மன்னரின் பத்தாம் ஆட்சியாண்டில் பிறந்தவள் என்று கிராமக் கணக்கர் எழுதியிருக்கிறார்." அவர் வல்லபராயர் பக்கம் திரும்பினார். "அமைச்சர் பெருமானே, இப்போது நடப்பது எந்த ஆட்சியாண்டு?"

வல்லபராயர் மன்னர் பக்கம் பார்த்தார். மன்னர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து" என்றார் வல்லபராயர்.

"அப்படியானால் இவளுக்கு இன்னும் ஒரு வயதுகூட நிரம்பவில்லை. மற்ற முப்பத்தொன்பது பேரும் இதே ஆண்டில்தான் பிறந்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளிடம் பணம் கேட்பது தர்மம் அன்று என்று பட்டது. அழுதால் ஆட்டிவிடலாம் என்று தொட்டிலோடு கூட்டிவந்தேன். நம் நாட்டு மண்வளம், பிள்ளைகள் கொஞ்சம் வாளிப்பாக வளர்ந்துவிட்டார்கள்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

"ஆனாலும் அடியேன் ஆணையை மீறவில்லை, பிரபு" என்று மாசிலாமணி இன்னோர் ஓலைக்கட்டை எடுத்தார். "இது பாடசாலைப் பெயரோலை. பெயர் எழுதியிருப்போரில், ஆற்றுக்கு அப்பாலிருந்து அரசாங்கச் செலவில் வருவோரில், பதினாறு நிரம்பியவர்கள் சரியாகப் பதினொரு பேர் அகப்பட்டார்கள். முதலாமவர் வல்லபராயர். தங்கள் தந்தையார் ஆட்சியில் ஐந்தாம் ஆண்டில் பிறந்தவர். பல்லக்கில் வருகிறார்."

"பிரபு, நாங்கள் எவ்வாறு மாணவர்கள் ஆவோம்? ஒரு மரியாதைக்காக அன்றோ பெயர் எழுதிக்கொண்டோம்" என்றார் வல்லபராயர்.

மன்னரின் முகம் சுருங்கியது. "மரியாதைக்காகவா? என் வெண்பாவைக் கேட்டுக் கண்ணீர் விட்டீரே, அதுவும் மரியாதைக்காகத்தானா?"

"இல்லை, பிரபு. மாணவர்கள்தான், பிரபு" என்றார்கள் பதினொரு பேரும் ஒரே குரலில்.

"அப்படியென்றால் பங்களிப்பை எடுத்து வையுங்கள்" என்றார் மன்னர்.

வல்லபராயருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆத்திரம் வந்துவிட்டால் ஆளுக்கு நிதானம் இருக்காதே. "பிரபு, இவர் ஓலையைக் காட்டி ஏய்க்கிறார். இவளைப் பாருங்கள். கண் உள்ள எவரும் சொல்வர், இவளுக்குப் பதினேழு வயது" என்று கையை நீட்டிவிட்டார்.

மாசிலாமணி கைகட்டி நின்றார். "அமைச்சர் பெருமான் அப்படிச் சொன்னால் சரிதான். பத்தாம் ஆண்டுக்குப் பிறகு எத்தனை ஆண்டு கடந்துவிட்டது என்பதையும் அவரே சபையில் சொல்லட்டும்."

 சொன்னால் துரோகம். மன்னர் வல்லபராயரைப் பார்க்கவில்லை, முத்துப்பேச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெண்ணே, நீ எப்போது பிறந்தாய்? ஓலையில் உள்ளதைக் கேட்கவில்லை."

 முத்துப்பேச்சி கேட்டதற்குப் பதில் சொன்னாள். "பெரிய வெள்ளம் வந்த வருசம், ராசா. நீங்க கழுத்தளவு தண்ணியில இறங்கி, கயித்தப் பிடிச்சு எங்க ஊர் ஆளுகளைக் கரையேத்துனியளாம். நிறைமாசமா இருந்த எங்கம்மாவும் அதுல ஒருத்தி. மூணாம் நாள் நான் பொறந்தேன். வர்ற பொரட்டாசிக்குப் பதினேழு முடியுது."

 அந்த வெள்ளத்தை மன்னர் மறக்கவில்லை. கயிறு உரித்த தழும்பு உள்ளங்கையில் இன்னும் இருந்தது. அன்றைக்கு இறங்கிய மாதிரி இன்றைக்கு இறங்க முடியுமா என்று முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

"அது நேற்று நடந்தது போல இருக்கிறது" என்றார் மெதுவாக. "பதினேழு வருஷமா ஆகிவிட்டது?"

"ஆமா, ராசா."

"வெள்ளம் வந்தது இந்த மீசை நரைத்த மறுவருஷம். அப்படியென்றால் எனக்கு ஐம்பத்தெட்டு."

சபை நடுங்கியது. மன்னர் மீசையைத் தடவினார், விரலில் ஒட்டிய சாயத்தைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாற்பது வயதில் இந்த முழங்கால் வலி எப்படி வந்தது என்று எவ்வளவு நாள் கவலைப்பட்டேன், தெரியுமா? ஐம்பத்தெட்டென்றால் பரவாயில்லை. எழுதிக்கொள்ளுங்கள், இது என் ஆட்சியின் இருபத்தெட்டாம் ஆண்டு."

வல்லபராயர் சட்டென்று நிமிர்ந்தார். எரியும் வீட்டிலும் எதையாவது உருவப் பார்க்கிற ஆள் அவர். "அவ்வாறாயின், பிரபு, இந்த நாற்பது பேரும் பதினாறு நிரம்பியவர்கள் ஆகிறார்கள். ஆணைப்படி இவர்களும் கொடுக்கவேண்டியவர்களே. விகடர் நாற்பது பேரை விட்டுவிட்டார்."

முத்துப்பேச்சியின் முகம் செத்துப்போயிற்று. தன் வாயாலேயே தன் வயதைச் சொல்லிவிட்டோமே என்று தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மன்னர் மாசிலாமணியைப் பார்த்தார். "என்ன சொல்கிறாய்?"

"என் சாமர்த்தியம் இதோடு தீர்ந்தது, பிரபு. அமைச்சர் சொல்வது சரிதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த நாற்பது பேருக்கும் சேர்த்துப் பத்து மாடு. பதினொரு மாணவர்களைச் சுமக்க எண்பத்தெட்டு மனிதர்கள். வண்டிச் செலவு யாரால் ஏறியது என்று தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண் வைத்தியம் படிக்கிறாள். இவள் இறங்கிவிட்டால், அன்றைக்குத் தாங்கள் கரையேற்றிய ஊர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை. அவ்வளவுதான்."

மன்னர் எழுந்தார். முழங்கால் வலித்தாலும் மறைக்காமல், கைப்பிடியை ஊன்றியே எழுந்தார். ஆணையோலையை வாங்கி இரண்டாக முறித்தார். "படிக்கிற பிள்ளைகள் எத்தனை வயது வரைக்கும் படித்தாலும் வண்டி போகும். யாரும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. பல்லக்குகள் இன்றோடு நிறுத்தம். மாணவர்கள் பதினொரு பேரும் பிள்ளைகளோடு வண்டியிலேயே வந்து என் வகுப்பில் உட்காரட்டும். பங்களிப்பு மட்டும் அவர்கள் கொடுப்பார்கள், கல்வியில் பற்று அதிகம் அல்லவா?" தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். ஆயிரம் பொன்னும் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு பெரிய மனிதர்கள் கூண்டு வண்டிகளில் ஏறினார்கள். ஆற்றங்கரையிலிருந்து பாடசாலை வரைக்கும் பாதை எப்படி என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது, பல்லக்கில் திரைபோட்டுத் தூங்கிக்கொண்டே வந்தவர்கள். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதில் வல்லபராயரின் தலைப்பாகை கூண்டில் இடித்து நசுங்கியது. அடுத்த பள்ளத்தில் அவர் பக்கத்துப் பையன் மடியில் போய் விழுந்தார். பாடசாலை வாசலில் இறங்கியபோது, மன்னர் எதிரே இல்லாதபோதுகூடக் குனிந்தே நின்றார், நிமிர முடியவில்லை.

மறுநாள் காலை அந்தப் பாதையில் இருநூறு ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். பத்து வருஷமாக ஊரார் எழுதிப் போட்ட விண்ணப்பங்களுக்கு அசையாத பாதை, அடுத்த வெள்ளிக்குள் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த வெள்ளியன்று வண்டி சீக்கிரமே வந்து சேர்ந்ததால், முத்துப்பேச்சி வகுப்பு தொடங்குமுன் மாசிலாமணியைத் தேடி வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு, தாயி."

"எங்க ஊருக்குக் கிட்ட ஓடை மேல ஒரு மரப்பாலம் இருக்கு. ரெண்டு வருசமா ஆடுது. அடுத்த வெள்ளிக்கு இவுகளை அந்த வழியாக் கூட்டிட்டு வரச் சொல்லலாமா?"

மாசிலாமணி இதை அப்படியே மன்னரிடம் போய்ச் சொன்னார். மன்னர் சிரித்த சிரிப்பில் அன்றைய வெண்பா பாதியிலேயே நின்றுபோயிற்று. அடுத்த வெள்ளி வண்டிகள் பாலத்து வழியாகவே வந்தன.